ஓசூர் மனை, பாலக்கோடு மாந்தோப்பு விற்றால், லைன் வீட்டு வாடகைக்கு: வரி எவ்வளவு?

மத்தூரான்

வணக்கம். ஆளுக்கு ஒன்று சொல்வதால் இங்கே கேட்கிறேன். சம்பளக்காரன், புதிய வரி முறை. எல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது.

ஓசூர் பாகலூர் ரோட்டுப் பக்கம் 1200 சதுர அடி டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகார மனை. 2017 ஆகஸ்டில் கிரயம். பத்திரத்தில் 9 லட்சம், கொடுத்த விலை 14 லட்சம். இப்போது 36 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இந்த 2025-26 நிதியாண்டுக்குள்ளேயே பதிவு. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டவில்லை. வாங்குகிறவர் "24-க்கு பத்திரம் போடலாம், மீதி 12 கையில் தருகிறேன்" என்கிறார்.

பாலக்கோடு தாலுகாவில் 1 ஏக்கர் 20 சென்ட் மாந்தோப்பு. அடுத்த வருடம் விற்கும் எண்ணம். விவசாய நிலத்துக்கு வரியே இல்லை என்கிறார்களே, சரியா?

ஓசூரில் 4 போர்ஷன் லைன் வீடு. போர்ஷனுக்கு மாதம் 6,000. வீட்டு வரி வருடம் 9,000. வங்கிக் கடன் வட்டி வருடம் 2,40,000. இந்த வாடகைக்கு வரி எப்படி?

மனை விற்ற பணத்தில் சூளகிரிப் பக்கம் மனைவி பெயரில் இரண்டு மனை வாங்க உத்தேசம். நிலம் விற்று நிலம் வாங்கினால் வரி வராது என்று புரோக்கர் சொல்கிறார்.

---

கணக்கன்_தருமபுரி

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனை விற்று மனை வாங்கினால் ஒரு ரூபாய் விலக்கும் கிடையாது. "நிலத்துக்கு நிலம்" என்பது வருமான வரிச் சட்டத்தின் 54பி பிரிவு. விவசாய நிலத்தை விற்று விவசாய நிலம் வாங்குகிறவருக்கு மட்டும்தான் அது. அதிலும் விற்பதற்கு முந்தைய 2 வருடம் நீங்களோ உங்கள் பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருக்க வேண்டும், விற்ற 2 வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்க வேண்டும். வீட்டு மனைக்கு அது ஒட்டாது.

இனி மனைக் கணக்கு. வருமான வரித்துறைக்கு உங்கள் வாங்கிய விலை 14 இல்லை, 9. அதோடு அன்றைக்குக் கட்டிய முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேரும். 2017 ஜூனுக்குப் பிறகு அது 7 + 4 = 11%, அதாவது 99,000. ஆக அடக்கவிலை 9,99,000. விற்பனை 36 லட்சத்தில் புரோக்கர் கமிஷன் 1% (36,000) கழிக்கலாம், வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வைத்திருந்தால். லாபம் 25,65,000.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகால லாபம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம்:

பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5%: 3,20,625. 4% செஸ் சேர்த்து 3,33,450.

குறியீட்டோடு 20%: அடக்கம் 9,99,000 × 376 (விற்கும் வருடக் குறியீடு) ÷ 272 (வாங்கிய வருடக் குறியீடு) = 13,80,971. லாபம் 21,83,029. வரி, செஸ் சேர்த்து 4,54,070.

உங்களுக்கு 12.5 தான் லாபம். 2017-18-ல் வாங்கிய சொத்து அடக்கத்தைப் போல சுமார் 2 மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் 12.5 நல்லது. அதற்குக் கீழே என்றால் பழைய முறை. 2005-06-ல் வாங்கியதற்கு அந்தக் கோடு ஏறக்குறைய 7 மடங்கில் இருக்கிறது. அதனால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் 20 வருடமாக மனை வைத்திருப்பவர்கள் ஆடிட்டர் சொன்ன ஒரே எண்ணோடு நிற்காமல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பத்திரத்தில் 14 லட்சமே போட்டிருந்தால்? கூடுதலாக 5 லட்சத்துக்கு 11%, அன்றைக்கு 55,000 செலவு. இன்றைக்கு வரி 2,61,300 ஆகியிருக்கும், அதாவது 72,150 குறைவு. சூளகிரியில் வாங்கும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். இப்போது பதிவுச் செலவு 2023 ஏப்ரல் முதல் 7 + 2 = 9% தான், குறைத்துப் போடுவதில் மிச்சம் இன்னும் சின்னது.

புதிய முறையில் "12 லட்சம் வரை வரி இல்லை" என்பதை நம்பிப் பலர் இதில் விழுகிறார்கள். அந்தத் தள்ளுபடி (87ஏ) தனி விகிதத்தில் வரி போடும் சொத்து லாபத்துக்கு எட்டாது. வேறு வருமானமே இல்லாதவருக்கு 4 லட்சம் அடிப்படை வரம்பு மட்டும் லாபத்தில் கழியும். சம்பளக்காரருக்கு அந்த வரம்பு சம்பளத்திலேயே தீர்ந்துவிடும்.

பதிவு மார்ச் 15-க்கு முன் முடிந்தால் அந்தத் தவணையிலேயே முன்வரி கட்டுங்கள், அதற்குப் பின் என்றால் மார்ச் 31-க்குள். ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏப்ரலிலிருந்து மாதம் 1% வட்டி ஓடும்.

---

பத்திரம்_பட்டா

கணக்கன் சார் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 12 லட்சம் ரொக்கம் வேண்டாம். நியாயம் அநியாயம் பேச வரவில்லை, கணக்கே ஒத்துவரவில்லை. 12 லட்சத்தை மறைத்தால் மிச்சமாகும் வரி 1,56,000. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் (அட்வான்ஸும் இதில் அடங்கும்) 269எஸ்எஸ் பிரிவை மீறியதற்கு, வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். 12 லட்சத்துக்கு 12 லட்சம். "வழிகாட்டி மதிப்புக்கு மேலேதானே பத்திரம் போடுகிறோம், பிரச்சினை இல்லை" என்பார்கள். வழிகாட்டி மதிப்பு சம்பந்தப்பட்டது 50சி மட்டும்தான். பத்திர விலை அதைவிடக் குறைந்து, வித்தியாசம் 10% தாண்டினால் வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். அதில் நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்பதால் ரொக்கம் சுத்தமாகிவிடாது. வாங்குகிறவர் வீட்டில் ஒரு சோதனை வந்து சின்ன நோட்டில் உங்கள் பெயர் இருந்தால் போதும்.

30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பதிவுகளை சார்பதிவாளர் அலுவலகமே வருமான வரித்துறைக்கு அனுப்புகிறது. உங்கள் ஏஐஎஸ் தாளில் (வரித்துறை வைத்திருக்கும் உங்கள் வருடாந்தரத் தகவல் அறிக்கை) வந்து நிற்கும். 50 லட்சம் தொட்டால் வாங்குகிறவர் விலையிலிருந்தே 1% வரி (டிடிஎஸ்) பிடித்து 26கியூபி படிவத்தில், பிடித்த மாதம் முடிந்து 30 நாளில் கட்ட வேண்டும். உங்கள் 36-க்கு அது வராது. 2024 அக்டோபர் முதல் வாங்குகிறவர்கள் இரண்டு பேராகப் பிரிந்து ஆளுக்கு 30 என்று காட்டினாலும் மொத்தம் 60 என்றே பார்ப்பார்கள்.

தோப்பு விஷயம். "விவசாய நிலத்துக்கு வரி இல்லை" என்பது பாதி உண்மை. கிராமப்புற விவசாய நிலத்துக்குத்தான் இல்லை. எது கிராமப்புறம் என்பதை நகராட்சி எல்லையிலிருந்து உள்ள தூரமும் அந்த ஊரின் மக்கள்தொகையும் முடிவு செய்கின்றன. 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை மக்கள் உள்ள ஊரென்றால் எல்லையிலிருந்து 2 கி.மீ., 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை 6 கி.மீ., அதற்கு மேல் 8 கி.மீ. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அளவுகோல். 2011 கணக்கில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1 லட்சத்துக்குக் கீழே, ஆக 2 கி.மீ. ஓசூர் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆக 6.

இதில் தப்பு நடக்கும் இடங்கள்: தூரத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து அளப்பது (எல்லைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும்). ரோடு வழியாக அளப்பது (வான்வழி நேர்கோடுதான் கணக்கு, ரோட்டில் 3 கி.மீ. வருவது நேர்கோட்டில் 2-க்குள் அடங்கிவிடும்). "பாலக்கோடு பேரூராட்சிதானே, நகராட்சி இல்லையே" என்று விட்டுவிடுவது. சட்டத்தில் "எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்" என்றிருக்கிறது, 10,000 பேர் தாண்டிய பேரூராட்சியையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

உங்கள் தோப்பு எல்லைக்கு வெளியே 2 கி.மீ. தாண்டியிருந்தால் வரி இல்லை. ஆனால் ஆவணம் வேண்டும். விற்பதற்கு முன்பே தாசில்தாரிடம் தூரச் சான்று, விஏஓவிடம் மா சாகுபடி காட்டும் அடங்கல், சிட்டா எல்லாம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். விற்றபின் புதுப் பட்டாதாரர் மரத்தை வெட்டி மனை போட்டுவிட்டால் பழைய சாகுபடியை நிரூபிக்க உங்களிடம் காகிதம் மட்டும்தான் மிச்சம். மாங்காயைக் குத்தகைக்கு விட்ட பணத்தையும் ஒவ்வொரு வருட ரிட்டர்னிலும் விவசாய வருமானமாகக் காட்டுங்கள். ஒரு வருடமும் காட்டாமல் விற்கும் வருடத்தில் திடீரென்று "விவசாய நிலம்" என்றால் அதிகாரி கேட்கத்தான் செய்வார். நிலத்தை நீங்களே மனையாகப் பிரித்து அப்ரூவல் வாங்கி விற்றால் விலக்கு போய்விடும், வியாபார வருமானமாகவும் பார்ப்பார்கள்.

2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம்தான். தோப்பை அதற்குப் பிறகு விற்றால் பிரிவு எண்கள் வேறாக இருக்கும், பழைய எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

மனைவி பெயர்: 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு, அதாவது 10 லட்சத்துக்கு 10,000 மிச்சம். நல்லதுதான். ஆனால் பணம் உங்களுடையது என்றால் அந்த மனையிலிருந்து பின்னாளில் வரும் லாபமும் வாடகையும் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வரியைப் பிரிக்கும் வழி என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம்.

சூளகிரியில் மனை பார்க்கும்போது டிடிசிபி எண்ணும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் கேளுங்கள். அங்கீகாரமில்லாத பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத துண்டை இப்போது பதிவே செய்ய மாட்டார்கள். "பவர் போட்டுத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து அந்தப் பக்கம் ஒவ்வொரு பேனரிலும் ஒரு விமானம் பறக்கிறது. அறிவிப்பை நம்பி விலை கொடுக்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: நிலத்தை அரசு கையகப்படுத்தினால் இழப்பீட்டைக் கணக்கிடுவது வழிகாட்டி மதிப்பையும் பதிவான கிரயங்களையும் வைத்துத்தான், நீங்கள் கையில் கொடுத்த விலையை வைத்து இல்லை.

---

ஓசூர்_லைன்வீடு

வாடகை மட்டும் சொல்கிறேன்.

வருட வாடகை 2,88,000. அதில் *கட்டிய* வீட்டு வரி 9,000 கழிந்து 2,79,000. பாக்கி வைத்திருந்தால் கழிக்க முடியாது. அதில் 30% கேள்வியில்லாமல் கழியும், 83,700. மீதி 1,95,300. பெயின்ட், மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் லாரி எல்லாம் அந்த 30%-க்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. வட்டி 2,40,000-ஐக் கழித்தால் 44,700 நஷ்டம்.

பழைய முறையில் இந்த நஷ்டம் சம்பளத்தில் கழியும். புதிய முறையில் கழியாது, அடுத்த வருடத்துக்கும் போகாது. அந்த 44,700 வட்டிக்கு உங்களுக்கு வரிப் பயன் பூஜ்யம். கடன் வட்டி 8.5% என்று வைத்தால் மனைப் பணத்தில் சுமார் 5.25 லட்சத்தை அசலில் கட்டிவிடுங்கள். வரியில் ஒன்றும் இழக்காமல் வட்டி குறையும். அதற்கு மேல் கட்டினால் வரிச் சலுகை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

இஎம்ஐ முழுவதையும் கழிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வட்டி மட்டும்தான். ஜனவரியிலேயே வங்கியில் வட்டிச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெங்களூர் வழக்கத்தில் 10 மாத அட்வான்ஸ் வாங்குவது இங்கேயும் வந்துவிட்டது. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானம் இல்லை. காலி செய்யும்போது அதில் வாடகை பாக்கி என்று பிடித்துக்கொண்ட தொகை வருமானம்.

சிப்காட் கம்பெனி ஒன்று நாலு போர்ஷனையும் ஆட்கள் தங்க மொத்தமாக எடுத்தால் கதை மாறும். குடும்பங்களுக்கு விட்டால் ஜிஎஸ்டி இல்லை. ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி எடுத்தால் 18% அவர்களே கட்ட வேண்டும், உங்கள் வேலை இல்லை. ஆனால் பேரம் பேசும்போது அதை உங்கள் வாடகையில் குறைக்கப் பார்ப்பார்கள். வாடகை மாதம் 50,000 தாண்டினால் 10% டிடிஎஸ்ஸும் பிடிப்பார்கள்.

---

மத்தூரான்

ரொம்ப நன்றி. ரொக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தேகம். மனைக்குப் பதில் வீடு வாங்கினால், சொத்து விற்ற பணத்தை வீட்டில் போடுகிறவருக்கான 54எஃப் வரி விலக்கு கிடைக்குமா? குடியிருப்பது அப்பா பெயரில் உள்ள மத்தூர் வீடு. என் பெயரில் லைன் வீடு மட்டும்தான். இல்லையென்றால் சொத்து லாப வரியைத் தவிர்க்க உதவும் பாண்டு (கடன் பத்திரம்) வாங்குவது நல்லதா?

---

கணக்கன்_தருமபுரி

54எஃப்-க்கு விற்கும் தேதியில் உங்கள் பெயரில் ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. லைன் வீடு ஒன்றா நான்கா என்பதில்தான் சிக்கல். ஒரே கட்டடத்தின் பல போர்ஷனை ஒரே வீடாக ஏற்ற தீர்ப்புகள் உண்டு. ஆனால் நாலு கதவு எண், நாலு வீட்டு வரி ரசீது இருந்தால் வாதம் பலவீனமாகும். ஒரே வரி மதிப்பீடு என்றால் தைரியமாகக் கேட்கலாம். ரசீதைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

தகுதி இருந்தால், லாபத்தை மட்டுமல்ல, கைக்கு வந்த 35,64,000 முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. 20 லட்சம் மட்டும் போட்டால் லாபத்தில் 14,39,394-க்கு விலக்கு, மீதிக்கு வரி 1,46,000-ஐத் தாண்டும். வாங்குவதென்றால் 2 வருடம், கட்டுவதென்றால் 3 வருடம். சூளகிரியில் மனை வாங்கி அதில் வீடு கட்டினால் மனை விலையும் சேரும், ஆனால் 3 வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். இரண்டு மனையில் ஒன்றில்தான் இது செல்லும். மனைவி பெயரில் வாங்கினால் விலக்கு உண்டா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை, உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுங்கள். புது வீட்டை 3 வருடத்துக்கு விற்கக் கூடாது.

பாண்டு (54இசி) என்றால் லாபம் 25,65,000-ஐ மட்டும் 6 மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி மாதிரியான பத்திரத்தில் போட வேண்டும். உச்சவரம்பு 50 லட்சம். 5.25% வட்டி, 5 வருடம் தொட முடியாது. வரி 12.5 ஆனதும் பாண்டுக்கு மவுசு போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

---

ஓசூர்_லைன்வீடு

சார், அதில் எனக்கு உடன்பாடில்லை. மிச்சமாகும் 3,33,450 என்பது போடும் பணத்தில் 13%. அதாவது சொந்தப் பணம் 87 போட்டு 100-க்கான பத்திரம் கிடைக்கிறது. 5 வருடக் கணக்குப் போட்டால் சுமார் 8.5% வருகிறது. வட்டிக்கு 20% அடுக்கில் வரி கட்டினாலும் 7.3% பக்கம் நிற்கும். எஃப்டி போடுகிறவருக்கு இது மோசமில்லை. 30% அடுக்கில் இருப்பவருக்கு, அல்லது இரண்டு வருடத்தில் பணம் தேவைப்படுபவருக்கு வேண்டாம்.

---

கணக்கன்_தருமபுரி

ஒத்துக்கொள்கிறேன், எஃப்டியோடு ஒப்பிட்டால் சரி. கடன் உள்ளவர் முதலில் அந்த 5.25 லட்சத்தை அடைத்துவிட்டு மீதியை யோசிக்கட்டும்.

மத்தூரான் சார், 54எஃப் என்று முடிவு செய்து, ஜூலை 31 வரைக்கும் வீடு அமையவில்லை என்றால் செலவாகாத பணத்தை ரிட்டர்ன் போடுமுன் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ எஃப்டியிலோ கிடந்தால் செல்லாது. கிராமக் கிளைகளில் இந்தக் கணக்கு தொடங்க முடியாது, கிருஷ்ணகிரி அல்லது ஓசூரில் உள்ள பெரிய கிளையில் கேளுங்கள். வீடு கட்டுவதென்றால் "ஏ" வகை, சேமிப்புக் கணக்கு மாதிரி, தவணை தவணையாக எடுக்கலாம். எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும், அதனால் கொத்தனாருக்குக் கொடுக்கும் நாளைப் பார்த்து எடுங்கள். கணக்கை முடிக்க வருமான வரி அதிகாரியின் ஒப்புதலோடு "ஜி" படிவம் வேண்டும். கம்பி, சிமென்ட் பில் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், மேஸ்திரி பெயரில் வேண்டாம்.